பூசணம் பிடிக்காத குற்றம்

மக்காச்சோளத்தில் பூசணம் பிடிக்காது என்று மெய்ப்பிக்க வேண்டுமானால், முதலில் அதற்குப் பூசணத்தை ஊசி போட்டு ஏற்ற வேண்டும். மிசிசிப்பியில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையின் நடைமுறை அது. வெர்னெல் பதினெட்டு வருஷமாக அந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜூலை வெயிலில் கதிர் கதிராகப் போய், தோகைக்குள் ஊசியை இறக்கி, "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கோ" என்பாள். ஊசி போட்ட கதிரெல்லாம் பச்சை பூத்து நஞ்சாகும். எரிப்பார்கள். அடுத்த வருஷம் மறுபடி ஊசி.

இந்த வருஷம் நாற்பத்தேழாம் வரிசை மட்டும் பச்சை பூக்கவில்லை. பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த தாளில், நஞ்சு: பூஜ்யம்.

வெர்னெல் அதை மூன்று தரம் படித்தாள். வயிற்றைப் பிசைந்தது. நல்லது நடந்தால் அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

பக்கத்து விவசாயி ஹாலிஸுக்குத்தான் முதலில் சொன்னாள். சோளம் வாங்கும் கிடங்குக்காரர்கள் இரண்டு வருஷமாக அவன் சோளத்தை ஊதா விளக்கில் காட்டி, மணி மின்னுகிறது, நஞ்சு என்று லாரியோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"அக்கா, அந்த விதை எனக்கு வேணும். இல்லேன்னா நிலத்த வித்துட்டு மச்சான் கடையில டயர் மாட்டப் போகணும்."

"ஒரு படிவம்தான்டா பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிட்டா விதை உனக்குத்தான்."

"படிவமா? அப்ப டயரே மாட்டிப் பழகுறேன்."

படிவத்தின் ஒன்பதாம் கட்டம் 'கண்டறியப்பட்ட நஞ்சின் அளவு'. வெர்னெல் பூஜ்யம் என்று போட்டாள். 'இக்கட்டம் நிரப்பப்படவில்லை' என்றது கணினி. விதை அங்கீகார அலுவலகத்துக்குப் போன் போட்டாள். கிரென்ஷா என்ற அதிகாரி எடுத்தார்.

"பூஜ்யம்னா ஒண்ணும் இல்லேன்னுதானே மேடம் அர்த்தம்? அப்ப நீங்க பரிசோதனையே பண்ணல."

"பண்ணினேன் சார். அதே ஊசி, அதே பூசணம். பக்கத்து வரிசையில முந்நூறு வந்திருக்கு."

"அந்த வரிசை நல்லா ஒத்துழைச்சிருக்கு. நாற்பத்தேழு ஒத்துழைக்கல."

"நோய் பிடிக்கக் கூடாதுன்னுதானே சார் வளர்த்தோம்?"

"நோயை எதிர்க்கணும்னு வளர்த்தீங்க. இல்லாத நோயை அது எப்படி எதிர்க்கும்? வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கட்டம் நிரம்பலேன்னா, விதி முப்பத்தொண்ணு. விதைமூட்டையை எரிச்சிடுங்க."

புதன்கிழமை அந்த அலுவலகத்திலிருந்து மூன்று பேர் கொண்ட குழு ஒன்று புது வைக்கோல் தொப்பியோடு வந்து இறங்கியது. அந்த வருஷம் அலுவலகங்களில் 'இருதரப்பு நியாயம்' என்பது நாகரிகமாக இருந்தது.

"பூசணத்துக்கு நியாயமான வாய்ப்பு கொடுத்தீங்களா?" என்றார் குழுத்தலைவர்.

"கதிருக்கு ரெண்டு ஊசி போட்டேன் சார்."

"ஊசின்னு சொல்லாதீங்க. அறிமுகம். நஞ்சுன்னும் இப்ப யாரும் சொல்றதில்ல. இயற்கைப் பச்சை இருப்பு." இதைப் பதிவு செய்துகொண்டு, வறுத்த கெளுத்தி மீன் எங்கே நன்றாக இருக்கும் என்று விசாரித்துக்கொண்டு குழு புறப்பட்டது.

வியாழக்கிழமை வெர்னெல் யோசித்தாள். ஹாலிஸின் டயர் கண்முன் உருண்டது. பக்கத்து வரிசையின் பச்சை பூத்த கதிரில் நாலு மணியை உதிர்த்து, நாற்பத்தேழின் மாவோடு அரைத்து, மறுபடி பரிசோதனைக்கு அனுப்பினாள். பத்தொன்பது வந்தது. இருபது வரை அனுமதி உண்டு. கட்டம் நிரம்பியது. கிரென்ஷாவே போன் செய்தார்: "பாருங்க மேடம், முயற்சி பண்ணினா முடியுது!"

வசந்தத்தில் ஹாலிஸ் விதைத்தான். அறுவடை முடிந்து கிடங்குக்குப் போன லாரி அப்படியே திரும்பி வந்தது.

"என்னடா, மின்னிச்சா?"

"மின்னலக்கா, அதான் வம்பு. விதைச் சான்றிதழ்ல பத்தொன்பதுன்னு இருக்காம். என் சோளத்துல பூஜ்யமாம். போலி நாற்பத்தேழுன்னு அனுப்பிட்டான்."

வெர்னெல் பண்ணைக்குப் போய், ஒரு பை பச்சை பூத்த கதிரைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அதைக் கலந்ததும் மறுநாள் ஹாலிஸின் சோளம் அசலானது. விஷயம் பரவியது. அடுத்த வருஷம் அந்த வட்டாரத்தில் எல்லோரும் நாற்பத்தேழை விதைத்து நல்ல சோளம் விளைவித்தார்கள். அதில் கலக்கக் கெட்ட சோளம்தான் கிடைக்கவில்லை. ஹாலிஸ் இரண்டு ஏக்கரில் பூசணம் பிடிக்கும் பழைய ரகத்தைப் போட்டு, ஒரே வாரத்தில் விற்றுத் தீர்த்தான்.

நன்றித் திருநாள் வந்தது. தேவாலய விருந்துக்குக் கிரென்ஷா சிறப்பு விருந்தினர். வெர்னெல் சுட்ட சோளரொட்டியைக் கையில் எடுத்தவர் கேட்டார்:

"அசல் நாற்பத்தேழுதானே மேடம்?"

"அசல்தான் சார். பத்தொன்பது."

எல்லோரும் தலைகுனிந்து ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்கள். வெர்னெலும் சாப்பிட்டாள். சாப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

ரொட்டியைத் தின்று முடித்த கிரென்ஷா சட்டைப்பையிலிருந்து ஓர் உறையை நீட்டினார். கலப்புச் சோளத்தின் தரம் ஒரே சீராக இல்லை என்று விவசாயிகள் முறையிட்டதால், தவறாமல் பூசணம் பிடிக்கும் புதிய ரகம் ஒன்றை உருவாக்க ஆணை. பொறுப்பு: வெர்னெல். சம்பள உயர்வும் உண்டு.

வெர்னெலுக்கு வயிற்றைப் பிசைந்தது. நல்லது நடந்ததாலா, ரொட்டியாலா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.