வீச்சு அண்ணனும் கறுப்புக் கயிறும்

கையை வீசியே உலகத்தை நடத்திவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதர் திண்டிவனத்தில்தான் இருந்தார். மிக்ஸி, டி.வி. பழுதுபார்ப்பவர். வீச்சு அண்ணன் என்றால்தான் தெரு அறியும்.

2009இல் புதுச்சேரியிலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். அதன் கன்ட்ரோலரைப் பிடித்து நாம் கையை வீசினால் டி.வி.க்குள் இருக்கும் ஆளும் மட்டையை வீசுவான். முதல் வாரமே அது யார் கையிலிருந்தோ பறந்து டியூப் லைட்டை உடைத்தது. மறுநாள் கன்ட்ரோலரில் கறுப்பு அரைஞாண் கயிறு தொங்கியது.

“இடுப்புல நிக்கிறது மணிக்கட்டுல நிக்காதா சார்?” என்று என்னிடம் கேட்டார்.

பிறகு, கன்ட்ரோலர் எந்தப் பக்கம் நீட்டுகிறது என்று அறிய டி.வி. மேல் வைக்கும் சென்சார் பட்டை செத்துப்போனது. அண்ணன் இரண்டு அகல் விளக்குகளை ஏற்றி அங்கே வைத்தார். திரையில் காணாமல் போன அம்புக்குறி வந்துவிட்டது.

“அதுக்கு வேண்டியது ரெண்டு சூடு சார். எதுவா இருந்தா இன்னா?”

வறுத்த மல்லாட்டைக் கடலை விற்கிற அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். “இன்னா சாமிப்பா இது?”

“டென்னிஸும்மா.”

பிடிக்க மட்டை வேண்டுமென்று கன்ட்ரோலரைக் கரண்டியில் கட்டினார், சல்லடையில் கட்டினார். துடைப்பத்தில் கட்டியபோது தெருப் பெருக்கும் கன்னியம்மா எல்லோரையும் தோற்கடித்தார்.

அந்த ஆண்டு விழுப்புரம் ஸ்டேஷன் படியில் விழுந்து என் வலது முழங்கை முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கையை மேசைமேல் வைக்க இடது கை துணை வேண்டியிருந்தது. 1993 முதல் ஒரு நாளும் விடாமல் எழுதிய டைரியில் நாற்பத்தொரு பக்கம் வெறுமை. ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சியை வலிக்குப் பயந்து செய்யவில்லை. இப்படியே விட்டால் கை மடங்கியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வீச்சு அண்ணன் என் குடையின் நுனியை அறுத்து, கன்ட்ரோலரைக் கட்டி, கயிற்றை என் மணிக்கட்டில் மாட்டினார். எதிராளி கன்னியம்மா.

“வலிக்குது அண்ணே.”

“வலிக்கட்டும் சார். தோத்துக்கினே இருக்கீங்களே, அது வலிக்கலையா?”

“சாரு பாவம். நானு உக்காந்துக்கினே ஆடுறேன்,” என்றார் கன்னியம்மா. சொன்னபடியே ஸ்டூலில் உட்கார்ந்து ஜெயித்தார்.

பதினேழு நாள் தோற்றேன். பதினெட்டாம் நாள் பந்து உயரமாக வந்தது. ஸ்டூலைப் பார்த்து எனக்கு ஆத்திரம். குடை தலைக்கு மேலே போனது. நான் தூக்கியதாகவே நினைவில்லை.

கன்னியம்மா எழுந்து நின்றார். அண்ணன் டி.வி.யைப் பார்க்கவில்லை. மேலே நின்ற என் கையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எறக்கிடாதீங்க சார், கொஞ்சம் இருங்க,” என்றார்.

அன்று மாலை கோணல் எழுத்தில் டைரி எழுதினேன்: ‘இன்றும் தோல்வி. கை உயர்ந்தது.’

அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு கறுப்பு அரைஞாண் கயிறு வைத்திருக்கிறேன். அண்ணனிடம் கேட்டு வாங்கியது. குடைக்கு இன்றுவரை நுனி போடவில்லை.