தூக்குக்குண்டு டாக்டர்

முக்கூடலில் அன்று பஸ்ஸை விட்டு இறங்கிய யாரும் வழி கேட்கவில்லை. கூட்டம் போன பக்கம் போனார்கள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு வேன், புன்னக்காயலிலிருந்து இன்னொரு வேன். கல்யாண மண்டபத்து வாசலில் பேனர்: 'நலவாழ்வு ஆராய்ச்சி, மனநல ஆலோசனை மற்றும் சமுதாய சேவை மையம்.'

பெயரே இத்தனை நீளம் என்றால் உள்ளே ஏதாவது இருக்கத்தானே வேண்டும்? இருந்தது. ஒரு கயிறு. அதன் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு. சுவர் நேராக எழும்புகிறதா என்று கொத்தனார் தொங்கவிட்டுப் பார்ப்பாரே, அதே தூக்குக்குண்டுதான். சிவப்புப் பட்டுக்கயிறு கட்டியதும் அதற்கு 'உயிரலை ஊசல்' என்று பெயர் வந்துவிட்டது.

ஊசலின் சொந்தக்காரர் டாக்டர் ஐ. துரை. சில வருடம் முன்பு வரை வெறும் இசக்கிதுரை. எந்தக் கல்லூரி டாக்டர் என்று கேட்டால் மெல்லச் சிரிப்பார். அந்தச் சிரிப்பையே பட்டமாக ஏற்றுக்கொண்டது ஊர்.

வைத்தியம் ரொம்ப எளிது. நீங்கள் விழுங்கும் மாத்திரையை மேசையில் வையுங்கள். அவர் அதற்கு மேலே ஊசலைப் பிடிப்பார். குறுக்கே ஆடினால் விஷம், வட்டமடித்தால் அமிர்தம். ஆஸ்பத்திரி மாத்திரை எதற்கும் ஊசல் வட்டமடித்ததில்லை. அவர் விற்கும் பச்சைக் குளிகைக்கு ஒருநாளும் குறுக்கே ஆடியதில்லை. என்ன ஆராய்ச்சி, என்ன ஆராய்ச்சி!

"டாக்டர் அய்யா அரசாங்கத்துக்குக் கொள்கை அறிக்கை அனுப்பப் போறாங்க!" மைக்கில் முழங்கினான் உதவியாளன் பாக்கியசீலன். "ரேசன் கடைக்கு ஒரு ஊசல்! அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி எதுக்கு?"

மண்டபம் அதிரக் கைதட்டல். தட்டியவர்களில் ஞானசௌந்தரி டீச்சரும் ஒருவர். அறிவியல் பாடம் நடத்தியே ஓய்வு பெற்றவர். ஊசல் சொன்னதென்று சர்க்கரை மாத்திரையைக் குப்பையில் போட்டிருந்தார்.

முன்வரிசையில் மைதீன் பாத்திமா, பக்கத்தில் மருமகள் ஷம்ஸியா. ஷம்ஸியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டதால் பல வருடமாக வரவில்லை. ஊசல் அதை விஷம் என்றதும் மாமியார் மாத்திரையைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். போன வாரம் ஷம்ஸியா அடுப்படியில் வலிப்பு வெட்டி விழுந்தாள். கைக்குழந்தை தொட்டிலில் கிடந்ததால் தப்பியது. "விஷம் இறங்குது, நல்ல அறிகுறி" என்றார் துரை. அடுத்த தடவை குழந்தை இடுப்பில் இருந்தால்? இதை ஷம்ஸியா வீட்டில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. அதனால்தான் மண்டபத்துக்கு வந்தாள்.

எழுந்து நின்றாள்.

"டாக்டர், ஒரு சந்தேகம். மாத்திரையைக் கண்ணால பாத்தாத்தான் ஊசல் ஆடுமா?"

"ஊசலுக்குக் கண்ணு எதுக்கும்மா? அது அலையைப் பிடிக்குது. மண்ணுக்குள்ள புதைச்சாலும் சொல்லிரும்."

"அப்ப பேப்பர்ல மடிச்சு வச்சாலும் சொல்லும்லா?"

"தாராளமா!" அத்தனை பேர் முன்னால் வேறு என்ன சொல்வார்?

ஷம்ஸியா ஐந்து பொட்டலங்களை மேசையில் வைத்தாள். "எது விஷம், எது அமிர்தம்? ஊசலே சொல்லட்டும்."

துரை பாக்கியசீலனைப் பார்த்தார். அவன் ஃபேனைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் ஊசல் ஆடத் தொடங்கியது.

முதல் பொட்டலம், குறுக்கே. "அப்பப்பா, கொடிய விஷம்! இதைத்தானம்மா இத்தனை நாளா தின்னுருக்க!" இரண்டாவது, வட்டம். மூன்றாவதும் நான்காவதும் குறுக்கே. "தொட்ட கையைக் கழுவணும்!" ஐந்தாவது, வட்டம்.

"டீச்சர், நீங்களே பிரிங்க" என்றாள் ஷம்ஸியா.

ஞானசௌந்தரி டீச்சர் பிரித்தார். பச்சைக் குளிகை. அடுத்ததிலும் பச்சைக் குளிகை. ஐந்திலும் அதே.

"டாக்டர்... எல்லாமே உங்க குளிகைலா இருக்கு?" டீச்சர் ஐந்தையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"அலைக் குழப்பம்! இந்தப் பிள்ளையோட கெட்ட சக்தி ஊசலைக் கெடுக்குது!"

"அப்படியா? நான் வெளிய போயிருதேன். நீங்களும் கையை எடுத்துருங்க. அந்த மைக் கம்பில மாட்டுங்க, தானா ஆடட்டும்."

ஷம்ஸியா வாசலுக்குப் போய் நின்றாள். புன்னக்காயல்காரர் ஒருவர் எழுந்து வந்து மாட்டினார். கீழே பச்சைக் குளிகையை வைத்தார். குண்டு பைய அடங்கி நேராக நின்றது. அப்புறம் அசையவே இல்லை.

கூட்டத்துக்கு அப்போதுதான் பழைய பெயர் ஞாபகம் வந்தது.

"ஏலே இசக்கிதுரை! எங்கலே ஓடுத? நில்லுலே!"

டாக்டர் சமையல்கட்டு வழியாக ஓடினார். பாக்கியசீலன் அவருக்கு முன்னால் ஓடினான். கரும்புச்சாறு வண்டியைத் தாண்டுவதற்குள் இருவரையும் பிடித்துப் போலீஸில் ஒப்படைத்துவிட்டார்கள்.

மைதீன் பாத்திமா முந்தானையில் முடிந்திருந்த பீரோச் சாவியை அவிழ்த்தாள். வாசலில் நின்ற மருமகளிடம் நீட்டினாள். "உன்னையும் பிள்ளையையும் கொல்லப் பாத்தேனே, பாவி! அல்லா, என்னை மன்னிச்சிரு!"

"அழாதீங்க மாமி. வாங்க, முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம். மாத்திரை விட்டுப்போனதைச் சொல்லி, எப்படித் தொடங்கணும்னு கேப்போம்."

ஷம்ஸியா சாவியை வாங்கிக்கொண்டாள். ஞானசௌந்தரி டீச்சரும் கூடவே கிளம்பினார். அவருக்கும் ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொல்ல ஒரு கதை இருந்ததே!

அந்தக் குண்டு இப்போது ஒரு கொத்தனாரிடம் இருக்கிறது. சுவர் நேரா, கோணலா என்று சரியாகச் சொல்கிறதாம். பிடித்திருப்பவன் நேரா, கோணலா என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் ஐயா, நமக்குத் தலை இருக்கிறது!