விலை போடாத லினக்ஸ்

"யோவ், எவன்யா நீ? எந்த ஊர்ல குந்திகினு கீற? உன்னாலதான்யா என் பொண்ணு வேலை அந்தரத்துல தொங்குது!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அயனம்பாக்கம் ஏரிக்கரை நகர் குடியிருப்போர் நலச்சங்க அலுவலகத்தில் நின்று வீராசாமி இப்படிக் கத்தினார். யாரை என்று அவருக்கே தெரியாது. கம்ப்யூட்டரை ஓட்டுவதற்கு லினக்ஸ் என்று ஒன்றைச் செய்து ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்தானே, அவனை.

விஷயம் சின்னது. மகள் நிஷாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்திருந்தது. 'இவர் இந்நகரில் குடியிருக்கிறார்' என்று சங்கத்தின் கடிதம் ஒன்றை அந்த வெள்ளி ஐந்து மணிக்குள் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். கையால் எழுதினால் செல்லாது, சங்கத்துக் கம்ப்யூட்டரில் அடித்ததே செல்லும் என்பது பொதுக்குழுத் தீர்மானம். கம்ப்யூட்டரோ பதினோரு வருஷக் கிழம். ஐந்து வாரம் முன்பே படுத்துவிட்டது.

"லேசான லினக்ஸ் ஒண்ணு போட்டா ஓடும் அங்கிள். லெட்டர் அடிக்க, மெயில் பார்க்க அது போதும்" என்றான் ஜாபஸ். அதே நகர்ப் பையன், ஐ.டி. வேலை, லினக்ஸ் சின்னமான பென்குவின் போட்ட டி-ஷர்ட். அதோடு நிறுத்தினானா? "ஆனா அதுல நூத்துக்கணக்குல வகை இருக்கு. எதைப் போடறது?" என்றான்.

செயலாளர் சத்தியராஜ் கண்ணாடியைத் துடைத்தார். 'எளிய இலகு இயங்குதளத் தேர்வு உபகுழு' அக்கணமே உதயமாயிற்று. அது முடிவு சொல்லும்வரை யாருக்கும் கடிதம் கிடையாது.

அந்த ஐந்து வாரத்தில் பதினாலு லினக்ஸ் ஏறி இறங்கின. ஜாபஸுக்கு ரெண்டு மூணு நாளில் எதுவும் பழசாகிவிடும். "இப்ப எல்லாரும் வேற ஒண்ணுக்கு மாறிட்டாங்க அங்கிள்." மாற்றும்போதெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்து வைத்த கூட்டக் குறிப்பும் அழியும். குறிப்பில்லாத கூட்டம் நடந்ததாகக் கொள்ள இயலாது என்று சத்தியராஜ் அதே கூட்டத்தை மறுபடி கூட்டுவார். 'பப்பி' என்ற ஒன்று போட்டதும் ஓடியது. நாய்க்குட்டிப் பெயர் சங்கத்தின் மாண்புக்கு உகந்ததல்ல என்று தள்ளுபடியாயிற்று.

கடைசி நாள் மூன்று மணிக்கு வீராசாமி உள்ளே புகுந்தார். பழைய மோட்டார் வாங்கி விற்பவர். பள்ளிக்கூடம் போகாமல் இரும்புக் கடையில் அடிபட்டுக் கற்றவர். சொன்ன விலைக்கு இதுவரை ஒரு தீப்பெட்டிகூட வாங்கியதில்லை.

"எத்தினி கீது ஜாபஸு?"

"பதினாலு அங்கிள்."

"ரெண்டுக்கு வா."

"ஆறு?"

"வேணாம் நைனா, நான் கெளம்பறேன்." வாசற்படிவரை போனார்.

"சரி அங்கிள், ரெண்டு, ரெண்டு!" என்று ஜாபஸ் பின்னாலேயே ஓடிவந்தான்.

நாலு மணிக்குப் பேரம் ஒன்றில் படிந்தது. நாலரைக்குக் கம்ப்யூட்டர் கண் திறந்தது. சத்தியராஜ் ஒற்றை விரலால் கடிதத்தை அடித்தார். நிஷா பெயரில் ஒரு பிழையில்லை. பிரிண்ட் கொடுக்க விரல் போனது.

"இரு சார்," என்றார் வீராசாமி. "ஜாபஸு, இது எவ்ளோ?"

"ஃப்ரீ அங்கிள்."

"இன்னாது?"

"எல்லாமே சும்மாதான்."

வீராசாமிக்கு முகம் கறுத்தது. "சும்மாவா? அப்ப இவ்ளோ நேரம் நான் எத்தைக் கொறைச்சேன்? காயில் எரிஞ்சு ஓடாத மோட்டாரைத்தான்டா நானே சும்மா தருவேன். இதுல ஏதோ வில்லங்கம் கீது. இன்னொண்ணு காட்டினியே, அத்தைப் போடு!"

"நைனா, மொதல்ல பிரிண்ட் எடுக்கச் சொல்லு நைனா!" என்று நிஷா வாசலிலிருந்து அலறினாள்.

"நியாயமான ஆட்சேபணை," என்று சத்தியராஜ் விரலை எடுத்துக்கொண்டார். ஜாபஸ் முகம் மலர்ந்தது. புதியது ஏறியது, பழையது அழிந்தது. கடிதமும்.

"நைனா, மணி அஞ்சு" என்றாள் நிஷா.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் வீராசாமி கூரையைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்.

"எவனா இருந்தாலும் நேர்ல வாய்யா! அதுக்கு ஒரு வெலை போடு! நீ நூறு சொல்லு, நான் அம்பது கேக்கறேன், எழுவத்தஞ்சுல முடிச்சுக்கலாம்!"

தன் கடிதத்துக்காக ஒரு மாதமாக வரிசையில் நிற்கும் மங்களம் அவர் தோளைத் தொட்டாள்.

"அறுவதுக்குக் கேளு அண்ணாத்தே."

வரிசை முழுவதும் ஆமாம் என்று தலையாட்டியது.

"கேட்டுச்சா? அறுவது! வந்து வெலையைப் போட்டு, என் பொண்ணு லெட்டரைக் குடுத்துட்டுப் போய்யா!"