பெறாத ஓய்வுக்கு ஒரு திருத்தம்

கொய்வுரந்தா,
ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை

'கொய்வுரந்தா செய்தி' ஆசிரியர் ஹொன்கனென் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அலுவலகத்தில் அனைவரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே என் தோள், முழங்கால், மட்டை மூன்றும் நலம். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஏனென்றால் சென்ற வியாழக்கிழமை உங்கள் பத்திரிகை என்னை டென்னிஸிலிருந்து ஓய்வு பெற வைத்துவிட்டது. முழுப் பக்கம். 'சென்யா கெத்துனென் விடைபெற்றார்' என்று தலைப்பு. சென்யா கெத்துனென் நான்தான். நான் விடைபெறவில்லை.

நடந்தது இதுதான். புதன்கிழமை மதியம் உங்கள் நிருபர் யல்மாரி போன் செய்தார். முப்பது வருடமாக ஐஸ் ஹாக்கி எழுதுகிறவர். டென்னிஸ் பந்து மஞ்சள் நிறம் என்பதே அவருக்குப் போன வருடம்தான் தெரிந்தது. நான் அப்போது காற்றடைத்த டென்னிஸ் கூடாரத்தைச் சுற்றிப் பனி வாரிக்கொண்டிருந்தேன். வாராவிட்டால் கூடாரம் சரிந்துவிடும், வாருவதற்கு என்னைத் தவிர ஊரில் யாரும் வருவதில்லை. "என்னம்மா பண்றே?" என்றார். "பனி வாரறேன்" என்றேன். "அப்போ எல்லாம் முடிஞ்சுதா?" என்றார். பனியைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, நாம் எல்லாரும் செய்வதுபோல மூச்சை உள்ளே இழுத்தபடியே "யோ" என்றேன். உள்ளிழுத்த "யோ" நம் ஊரில் ஆமாம் என்றும் ஆகும், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் ஆகும், போனை வையுங்கள் என்றும் ஆகும். யல்மாரி அதை 'நீண்ட பெருமூச்சுடன் ஒப்புக்கொண்டார்' என்று எழுதிவிட்டார்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு அம்மா போன் செய்தாள். "ஏண்டி, நீ ஆட்டத்தை விட்டதை நான் பேப்பர் பாத்துதான் தெரிஞ்சுக்கணுமா?" என்றாள். "விடலம்மா" என்றேன். "பரவாயில்ல, எங்க பள்ளிக்கூடச் சமையலறைல ஆள் எடுக்கறாங்க. உருளைக்கிழங்கு உரிக்கவும் நல்ல மணிக்கட்டு வேணும். உன் பேரைக் குடுத்துட்டேன்" என்று வைத்துவிட்டாள். அன்று மாலையே விளையாட்டுக் கழகத்தில் காபி, கேக். கேக்கில் என் பெயரில் ஓர் எழுத்து குறைவு. என்னுடன் பத்து வருடம் பேசாதவர்கள் எல்லாம் வந்து கையைக் குலுக்கினார்கள். மறுப்பது மரியாதை இல்லையே என்று இரண்டு துண்டு சாப்பிட்டேன். அதைப் படம் எடுத்து வெள்ளிக்கிழமை போட்டீர்கள், 'கலங்கிய கண்களுடன்' என்று. தொண்டையில் கேக் அடைத்தால் யாருக்கும் கண் கலங்கும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். சனிக்கிழமை நடந்ததைப் பொறுக்க முடியாது. நீச்சல்குளத்துச் சவுனாவில், அந்த நீராவி அறையில் உட்கார்ந்திருந்தேன். மேல்படியில் நகராட்சி விளையாட்டு அலுவலகத்து இன்கெரி, என்னைப் போலவே உடம்பில் துணி இல்லாமல், ஆனால் முழு அதிகாரத்தோடு.

"சென்யா, கூடாரத்துல உன் காலை எட்டு மணி கோர்ட்டை பேடல்காரங்களுக்குக் குடுத்துட்டேன். கண்ணாடிச் சுவர் வைக்கப் போறாங்க."

"நான் ஓய்வு பெறல, இன்கெரி."

"பேப்பர்ல போட்டிருக்கே."

"பேப்பர் தப்பு."

"அப்போ பேப்பர்லயே திருத்தம் வரட்டும். புதன்கிழமைக்குள்ள வெட்டிக் கொண்டு வா, ஃபைல்ல வைக்கணும்" என்று சொல்லிவிட்டு, பேச்சு முடிந்ததற்கு அடையாளமாக அடுப்பின் சுடுகல்லின் மேல் ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றினாள்.

கண்ணாடிச் சுவருக்குள் குட்டி டென்னிஸ் ஆடும் இந்தப் பேடல்காரர்கள் யார்? பல் மருத்துவர், வீட்டுத் தரகர், நகர்மன்ற உறுப்பினர்கள் இருவர். தவறாக அடித்தாலும் சுவர் பந்தைத் திருப்பித் தரும் ஆட்டம் அவர்களுக்குப் பிடிப்பதில் ஆச்சரியமில்லை, வாழ்க்கையிலும் அவர்களுக்கு அப்படித்தான். இவர்களில் ஒருவராவது ஒரு நாள் பனி வாரியிருக்கிறாரா? நான் ஆறு வயதில் தீயணைப்பு நிலையச் சுவரில் பந்தடித்துக் கற்றவள். பதினேழு வயதிலிருந்து துருக்கியிலும் துனிசியாவிலும் ஓர் அறையில் நான்கு பேராகப் படுத்து, என் மட்டைக்கு நானே நரம்பு கட்டி, இன்று உலகத்தில் நானூற்றுப் பன்னிரண்டாவதாக இருக்கிறேன். இதைச் சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். நம் பல் மருத்துவர் உலகத்தில் எத்தனையாவது என்று யாராவது கேட்டீர்களா? பதினொரு வருடத்தில் என் வெற்றிகளுக்கு நீங்கள் கொடுத்த இடத்தை எல்லாம் சேர்த்தாலும் ஒரு கையகலம் வராது. நான் போகிறேன் என்றதும் முழுப் பக்கம் கிடைத்தது. என் ஆட்டத்தைப் பார்க்க இந்த ஊரில் கூடிய மிகப் பெரிய கூட்டம் பதினான்கு பேர், அதில் இருவர் குளிருக்கு ஒதுங்கியவர்கள்.

பிப்ரவரியில் ஹெல்சிங்கிப் போட்டியின் தகுதிச் சுற்று. கோர்ட் இருந்தால் முதன்மைச் சுற்றுக்குள் நுழைவேன். இது ஆசை இல்லை, என் இடது கை சர்வீஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே செவ்வாய்க்கிழமை இதழில், அதே முழுப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், நான் ஓய்வு பெறவில்லை என்று வெளியிடுங்கள். இல்லாவிட்டால் புதன்கிழமை மட்டையோடு உங்கள் அலுவலகத்துக்கு வந்து உங்கள் சுவரில் பயிற்சி செய்வேன்.

உங்கள் வீட்டாருக்கும் அச்சகத்தாருக்கும் என் அன்பு. யல்மாரியின் காதுகளுக்கு நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்
சென்யா கெத்துனென்

பி.கு.: திங்கட்கிழமை காலை. இதை உங்கள் அலுவலகத்தில் கொடுக்கக் கிளம்பும்போது இன்கெரி போன் செய்தாள். ஹெல்சிங்கிக்கு முந்தைய சனிக்கிழமை எனக்கு நகராட்சி செலவில் பிரிவு உபசார ஆட்டமாம். நானூறு டிக்கெட்டும் ஒரே மணி நேரத்தில் தீர்ந்துவிட்டதாம். எதிராளி கடலுக்கு அப்பால் டாலின் நகரிலிருந்து வருகிறாள், உலகத்தில் நூற்று ஐம்பதாவது. அவளோடு ஒரு முறை பயிற்சி ஆட்டம் ஆட மூன்று வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அதுவரை தினமும் காலை கோர்ட் எனக்கு. பேடல்காரர்கள் காத்திருக்கட்டும், பனி வாரவும் அவர்களையே அனுப்புகிறாளாம். ஆகவே மேலே உள்ள எதையும் தயவுசெய்து அச்சிட வேண்டாம். அவளை ஜெயித்த பிறகு, மைக்கை வாங்கி, நானூறு பேரிடமும் இந்தத் திருத்தத்தை நானே சொல்லிக்கொள்கிறேன். அடுத்த ஜனவரியிலும் ஓய்வு பெறத் தயார். யல்மாரியைப் போன் செய்யச் சொல்லுங்கள், மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறேன்.