இரண்டு மலைக்கு நடுவே கொஞ்சம் தரை

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு, மருமகளின் வணக்கம்.

இவ்வளவு ராத்திரியில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. உங்கள் பேத்தி என் இடது தோளில் தூங்குகிறாள், கீழே விட்டால் எழுந்துவிடுவாள். நீங்களும் மாமாவும் நலமா? செருப்புக் கடை நலமா? மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே நாங்கள் மூவரும் நலம். நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். விவரம் கீழே வருகிறது.

போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனை எடுத்ததும் நீங்கள் "செல்லத்துக்கிட்ட குடு" என்பீர்கள், செல்லம் போனைக் கடிக்கும், அந்தச் சத்தத்தை வைத்தே நீங்கள் அரை மணி நேரம் பேசி முடித்துவிடுவீர்கள், எனக்கு எச்சில் துடைக்கிற வேலை மட்டும் மிஞ்சும். அதனால்தான் கடிதம். "நான் வர்றேன்னேன், வேண்டாம்னுட்ட. அப்ப வேலையையாவது விடேன், அவளுக்கு மூணு வயசாகட்டும்" என்று போன வாரம் சொன்னீர்கள் இல்லையா? அதற்குப் பதில் இதோ: விட்டுவிடுகிறேன். நீங்கள் சொன்னதுதான் சரி. இதைத் தவிர இந்தக் கடிதத்தில் வேறு விஷயம் இல்லை. ஆனால் காரணம் சொல்லாவிட்டால் "என் பையன்தான் ஏதோ சொல்லிட்டான்" என்று அவரைப் பிடித்துக்கொள்வீர்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை என்பது தனிப் புகார், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

போன தடவை வந்திருந்தபோது, "ரெண்டும் ஒரே மாதிரின்னு நீயே சொல்ற. அப்புறம் எதுக்கும்மா பிரிக்கணும்? அதுக்கு ஒரு ஆபீஸா?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறந்தேன், குழந்தை எழுந்துவிட்டது. அந்தப் பதில் இத்தனை மாதமாக என் தொண்டையில் நிற்கிறது, இப்போது சொல்லிவிடுகிறேன். உங்கள் கடையில் ஒரே அளவு, ஒரே நிறச் செருப்பை எல்லாம் வலது இடது பார்க்காமல் ஒரு மூட்டையில் கொட்டிக் குலுக்கிவிட்டு, கரண்ட் போன நேரத்தில் பிரிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? தராசில் போட்டால் ஒரே எடை. மோந்து பார்த்தால் ஒரே தோல் வாசனை. கண்ணாடி முன்னால் வலதை வைத்தால் உள்ளே தெரிவது இடது, அவ்வளவு ஒற்றுமை. ஆனாலும் ஒன்றின் இடத்தில் ஒன்றைப் போட்டு ஒரு தெரு நடக்க முடியுமா? காலை விட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி. எங்கள் மருந்தும் அப்படித்தான் அத்தை. வலிப்பு வருகிற சின்னப் பிள்ளைகளுக்கானது. அதன் வலது செருப்பு வலிப்பை அடக்கும், இடது செருப்பு சும்மா தலையைச் சுற்ற வைக்கும். தயாரிக்கும்போதோ இரண்டும் சரிபாதியாகத்தான் வந்து விழுகிறது. பிரித்தே ஆக வேண்டும்.

அதற்கு நாங்கள் செய்வதற்குப் பெயர் குரோமட்டோகிராபி. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒரு இரும்புக் குழாய், அவ்வளவுதான். உள்ளே வெள்ளைப் பொடி இறுக்கி அடைத்திருக்கும். அந்தப் பொடி முழுக்க வலது கால்களாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தைத் திரவத்தில் கலந்து பம்ப்பால் உள்ளே தள்ளினால் இடது செருப்பு எந்தக் காலிலும் ஏறாமல் வழுக்கிக்கொண்டு முதலில் வெளியே வந்துவிடும். வலது செருப்பு ஒவ்வொரு காலிலும் கொஞ்சம் மாட்டி, கழன்று, மறுபடி மாட்டி, ஆடி அசைந்து பின்னால் வரும். (திரவத்தில் ஆல்கஹால் உண்டு. மாமா நிமிர்ந்து உட்கார வேண்டாம், குடிக்கிற ரகம் இல்லை.) வெளியே வருவது கம்ப்யூட்டரில் மலை மாதிரி கோடாகத் தெரியும். இரண்டு மலை தனித்தனியாக வந்து, நடுவே தரை தெரிந்தால் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே மலை என்றால் மூட்டை மூட்டையாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு ஒரே மலைதான் வந்தது. வாரக்கணக்கில் ஒரே மலை. என் பக்கத்து மேசைக்காரர் ஒருவர் இருக்கிறார், எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பார்க்கலாங்க" என்பார், அதனால் லேபில் அவருக்கு வாய்தா என்றே பெயர். அவர் தினமும் வந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, இன்னைக்கும் ஒட்டகத்துக்கு ஒரே திமில்தானா?" என்பார். எங்கள் தலைவரோ வாயில் முத்து வைத்திருப்பவர், வார்த்தைக்கு வார்த்தை எண்ணித்தான் விடுவார். "மாசக் கடைசி. இல்லேன்னா மேல் மாடி" என்றார். அதாவது, மாதக் கடைசிக்குள் பிரியாவிட்டால் மருந்து மேல்மாடிக் குழுவுக்குப் போய்விடும், நான் காகிதம் சரிபார்க்கிற மேசைக்குப் போய்விடுவேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில் இரண்டு மலை வந்தது! உடனே உங்கள் மகனுக்குப் போன் போட்டு, "ரெண்டு வந்துருச்சுங்க!" என்றேன். "அப்படியா! மேலயா கீழயா?" என்றார். பல் என்று நினைத்துவிட்டார். பரவாயில்லை, அவர் சந்தோஷமும் சந்தோஷம்தானே என்று விட்டுவிட்டேன். வாய்தா வந்து பார்த்தார். வழக்கமாக நாளைக்கு என்று சொல்பவர் அன்றைக்கென்று பார்த்து உடனே வாயைத் திறந்தார்: "சரிபாதி கலவைதானேங்க? அப்ப ரெண்டும் ஒரே அளவு இருக்கணும்ல? இது அண்ணன் ஆள் உயரம், தம்பி தொட்டில்ல கிடக்கான். எதுக்கும் மருந்து போடாம வெறும் திரவத்தை விட்டுப் பாருங்க." விட்டேன். பெரிய மலையைக் காணோம். சின்ன மலை ஜம்மென்று நிற்கிறது. மருந்தே இல்லாமல் மலை! அவர் குப்பியின் மூடியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "ஏங்க, கைக்குழந்தை வாசனை வருதே?" என்றார். காலையில் அவசரத்தில் உங்கள் பேத்திக்குத் தொடையிடுக்குப் புண்ணுக்குக் களிம்பு பூசிவிட்டு ஓடியிருக்கிறேன், அந்தக் கையோடு, கையுறை போடுவதற்கு முன்னால், மூடியைத் தொட்டிருக்கிறேன். ஊரிலேயே உசத்தியான மிஷின் அத்தை அது. என் பிள்ளைக்கு எங்கே புண் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. விஷயம் தலைவர் காதுக்குப் போய், அவர் வந்து நின்று, "மகளுக்குத் தேவலையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கழுவுமிடத்தில் போய் நின்று குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்றைக்குத்தான் வேலையை விட்டுவிடுவதென்று முடிவு செய்தேன். லேபில் இருக்கும்போது வீட்டு வாசனை, வீட்டுக்கு வந்தால் லேப் புத்தி. பால் புட்டிகளில் தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். உங்கள் மகன் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இது சோதனைக்கா, குடிக்கவா?" என்கிறார். இரண்டு இடத்திலும் பாதிப் பாதியாக இருந்து யாருக்கு என்ன லாபம்?

இதற்கிடையில் பிள்ளையை விடுகிற காப்பகத்தில் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறோம் என்று ஒரு நாள் பூட்டிவிட்டார்கள். உங்கள் மகன் லீவு போட்டார். நான் கிளம்பும்போது பயமாகத்தான் இருந்தது, "ஏதாச்சும்னா உடனே போன் பண்ணுங்க" என்றேன். "உயிரோட இருப்போம், போ" என்றார். அன்றைக்கு லேபில் வழக்கம்போல மிஷினைத் தயார் செய்துகொண்டிருந்தேன். தலைவர் பின்னால் வந்து நின்று பம்ப்பின் வேகத்தைப் பார்த்தார், சூட்டைப் பார்த்தார், ஆல்கஹால் அளவைப் பார்த்தார். "யாருக்கு இந்த அவசரம்?" என்றார். "மருந்துக்குத்தான் சார்" என்று சொல்ல வந்தேன், அப்போதுதான் உறைத்தது. அவசரம் மருந்துக்கு இல்லை, எனக்குத்தான்! காப்பகத்தின் கேட் மூடுவதற்குள் ஓட வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் அங்கிருக்கும் அம்மா என் பிள்ளையின் பையை எடுத்து வாசலில் வைத்துவிடுவார். அதற்காக என்னை அறியாமலே எல்லாவற்றையும் சீக்கிரம் முடிகிற மாதிரி அமைத்து வைத்திருக்கிறேன். பம்ப் முழு வேகம், குழாய்க்குச் சூடு, ஆல்கஹால் தாராளம். இப்படிப் பிடரியைப் பிடித்துத் தள்ளினால் எந்தச் செருப்பு எந்தக் காலில் மாட்டும்? வலதும் இடதும் சேர்ந்தே உருண்டு வந்து விழாமல் என்ன செய்யும்?

அன்றைக்குத்தான் கேட்டுக்கு ஓட வேண்டியதில்லையே, வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். குழாயைக் குளிர வைத்தேன். ஆல்கஹாலை நன்றாகக் குறைத்தேன். மூடியைத் தொடுவதற்கு முன் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்புறம் சும்மா உட்கார்ந்தேன். அத்தை, குழந்தை பிறந்ததிலிருந்து நான் எதற்காகவும் சும்மா உட்கார்ந்ததில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தேன், இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கோடு மெதுவாக மேலே ஏறியது, இறங்கியது, இறங்கி, இறங்கி, தரையைத் தொட்டது. தொட்டு, தரையிலேயே கொஞ்ச தூரம் நடந்தது. போச்சு, இவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்போது பார்த்து மறுபடி ஏறியது. அண்ணனும் தம்பியும் ஒரே உயரம் இல்லை, இரண்டாவது கொஞ்சம் குட்டை, ஆனால் அகலம் கூட. பரப்பைக் கூட்டிப் பார்த்தால் சரிபாதி! வெறும் திரவத்தை விட்டேன், மொட்டைத் தரை. மறுபடி மருந்தை விட்டேன், மறுபடி இரண்டு மலை. வாய்தா ஓடி வந்தார். "கழுவின கையா?" என்றார். "கழுவின கைங்க!" என்றேன். லேபே சிரித்தது. தலைவர் திரையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அவர் வாழ்நாளிலேயே நீளமான பேச்சைப் பேசினார்: "பெரிய குழாய் வாங்கச் சொல்லிடறேன். பிள்ளைங்களுக்குக் குடுத்துப் பாக்குற முதல் மருந்து அதுலதான் வரணும். மெதுவா ஓட்டணும், சாயங்காலம் தாண்டும். நீங்க இருப்பீங்களா?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்தாகிவிட்டது. ஜெயித்த கையோடு விட்டுவிடுவதுதான் மரியாதை. வாய்தா ஓட்டிக்கொள்வார். நல்ல வேலைக்காரர்தான், என்றைக்கு ஆரம்பிப்பார் என்பது ஒன்றுதான் தெரியாது.

மாமாவுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் தவறாமல் கொடுங்கள். எங்கள் மூவரையும் எப்போதும்போல மனதார வாழ்த்துங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்பை நாடும்,
மருமகள்

பி.கு: எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன் அத்தை. வேலையை விடப் போகிறவள் ஒரு குழாயைப் பற்றி இத்தனை பக்கம் எழுத மாட்டாள். மேலே விடுகிறேன் என்று எழுதியிருப்பதை எல்லாம் தயவுசெய்து அடித்துவிடுங்கள், எனக்கு அடிக்கக் கை வரவில்லை, தோளில் பிள்ளை இருக்கிறாள். அந்தப் பெரிய குழாயை ஓட்ட வேண்டும். நானே ஓட்ட வேண்டும். நீங்கள் வருகிறேன் என்றபோது "சமாளிச்சுக்கறோம் அத்தை" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். சமாளிக்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறோம். அந்த மருந்து தயாராகிற வரைக்கும் வந்து எங்களோடு இருக்க முடியுமா? காலையில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், சாயங்காலம் அவளைக் காப்பகத்திலிருந்து கூட்டி வந்து வைத்திருந்தால் போதும். கடையை விட்டு வருவது லேசில்லை என்று தெரியும். முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள், கோபப்பட மாட்டேன், வேறு ஆள் தேடுவேன். குழாய் வந்து இறங்குவதற்குள் தலைவரிடம் சொல்ல வேண்டும், அதனால் சீக்கிரம் பதில் போடுங்கள்.