சாலமன் மச்சானின் மஞ்சள் மீன் சாம்பலான விவரம்

லிங்கராஜபுரம்,
பெங்களூரு.

கர்த்தருக்குள் பிரியமான சாலமன் மச்சானுக்கு,

வின்சென்ட் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் தங்கை பிரிசில்லாவும் சுகம். கோயம்புத்தூரில் மகள் வீட்டில் நீங்களும் சுகமாக இருந்து, இக்கடிதத்தைக் கிழிக்காமல் கடைசி வரை படிக்க வேண்டுமென்று ஜெபிக்கிறோம். வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டதால் தபால் தலை ஒட்ட வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், நீங்கள் எங்களிடம் விட்டுப்போன உப்புத்தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன். "இன்னா மாப்ளே, என் மஞ்ச மீன் எங்க? அத வித்துட்டு ஏதோ சாம்பக் கலர் மீன வுட்டுக்கீறியா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டீர்கள். மச்சான், சர்ச்சில் காணிக்கைப் பை பிடிக்கிறவன் நான். என்னை மீன் திருடன் என்று சொல்லலாமா?

நீங்கள் போன கொஞ்ச நாளிலேயே மீனுக்கு மஞ்சள் வெளுக்க ஆரம்பித்தது. லைட் கோளாறு என்று லைட்டை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன், கண்ணாடியை மாற்றச் சொன்னாள் பிரிசில்லா, தொட்டிக் கண்ணாடியை அல்ல, என் மூக்குக் கண்ணாடியை, அதையும் மாற்றினேன், மீன் இன்னும் தெளிவாகச் சாம்பலாகத் தெரிந்தது. மாடி வீட்டுக் கன்னடக்கார அம்மாள் "அய்யோ, திருஷ்டி ஆகிதே!" என்று தொட்டியில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டிவிட்டுப் போக, அன்றைக்குப் பார்த்தா பாஸ்டர் வீடு சந்திக்க வரவேண்டும்! அவர் அதையே பார்த்தார். "ஊறுகாய்க்குக் காய வெச்சிருக்கோம், பாஸ்டர்" என்றாள் உங்கள் தங்கை. அவர் வழக்கத்தைவிட நீளமாக ஜெபித்தார்.

சரி, கிட்டத்தில் வைத்து போட்டோ எடுத்துக் கடையில் காட்டலாம் என்று மீனை வலையில் பிடித்தேன். அதன் வாலடியில் கத்தி மாதிரி ஒரு முள் இருப்பதை நீங்கள் சொல்லவேயில்லை. விரல் கிழிந்து கிளினிக்குக்கு ஓடினேன். "என்ன கடிச்சுது?" என்றார் டாக்டர். "கடிக்கல டாக்டர், மீன் வாலால வெட்டிடுச்சி" என்றேன். குனிந்து என் வாயை முகர்ந்து பார்த்தார்.

கட்டுப் போட்ட கையோடும் பிரிசில்லா எடுத்திருந்த போட்டோவோடும் பிரேசர் டவுனில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் டெஸ்மண்டிடம் போனோம். போட்டோவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "அங்கிள், டாங் மீன்ல ரெண்டு மூணு ஜாதி குட்டியா இருக்கிறப்போ மஞ்சளாத்தான் இருக்கும். மூஞ்சியப் பாத்துதான் வாங்கணும். நிஜமான எல்லோ டாங்குக்கு வாய் கூரா நீண்டிருக்கும், துடுப்பு பாய்மரம் மாதிரி நிக்கும். இது ஆரஞ்சு ஷோல்டர் டாங். வளர வளர சாம்பலாகி, தோள்ல ஆரஞ்சுப் பட்டை வரும்." பிரிசில்லா உடனே தன் போனில், வாங்கிய அன்று நீங்களே அனுப்பிய படத்தைத் தேடி எடுத்தாள். மொண்ணை மூஞ்சி, குட்டைத் துடுப்பு. "அண்ணன் வாங்கினு வந்ததே இதத்தாங்க!" என்று கடையிலேயே கைதட்டினாள்.

பிள்ளைக்கு மீசை முளைத்தால், பிள்ளையையே மாற்றிவிட்டார்கள் என்பீர்களா மச்சான்? இப்போது தோளில் ஆரஞ்சு லேசாக இறங்கியிருக்கிறது, அவ்வளவு அழகு. கடல்பாசியை நீட்டினால் என் கையிலிருந்தே பிடுங்கித் தின்கிறது. வெட்டிய அதே கை. காலையில் அதன் எதிரே டீயோடு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை.

ஆகையால் மீன் உங்களுடையதுதான், உங்களுடையது மட்டுமே. கிறிஸ்துமஸுக்கு வந்து தாராளமாக எடுத்துப் போகலாம். மகளுக்கும் மருமகனுக்கும் எங்கள் ஆசீர்வாதம். சமாதானத்தின் தேவன் உங்கள் கோபத்தைத் தணிப்பாராக.

அன்புள்ள மாப்பிள்ளை,
வின்சென்ட்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். டெஸ்மண்ட் இப்போதுதான் போன் செய்தார். இது ஒரு அடிக்கு மேல் வளருமாம், உங்கள் தொட்டி பத்தாதாம். ஹாலில் இருந்த சோபாவைக் கொடுத்துவிட்டுப் பெரிய தொட்டிக்குச் சொல்லிவிட்டோம். கிறிஸ்துமஸுக்கு வாருங்கள், பிரியாணி சாப்பிடுங்கள், மீனைக் கண்ணாரப் பாருங்கள். கொடுப்பதாக இல்லை. திருடன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.