அத்தானுக்காக நான் எழுதிய கட்டுரை

தஞ்சாவூரைத் தாண்டி அம்மாபேட்டை ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோதுதான், அத்தானின் செருப்பைப் பயிற்சி முகாம் வாசலிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. மே மாதத்துத் தார் ரோடு. திரும்பிப் போய் எடுத்திருக்கலாம். ஆனால் அங்கே ஒரு கூடம் நிறைய வாத்தியார்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு இந்தச் சூடே தேவலை. (பஸ் காசைக் காலையிலேயே ரவா தோசையாகச் சாப்பிட்டிருந்தேன்.)

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதன் பிறகு நாகப்பட்டினத்தில் படகு கழுவினேன், லாரியில் கிளீனராகப் போனேன், ஓட்டலில் மாவாட்டினேன். எங்கேயும் தரிக்கவில்லை. வேலை போனால் வலங்கைமான் பக்கத்தில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். அத்தான் தமிழ் வாத்தியார். அவர் அப்பா காலத்திலிருந்து ஒரு மிராசுதாரிடம் குத்தகைக்குச் செய்த நிலமும் இருந்தது.

குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்த புதிது. தாசில்தார் அந்த வாரம் வயலுக்கு வருவதாகப் பேச்சு. வரப்பில் ஆள் இல்லாவிட்டால், 'குத்தகைக்காரனே கிடையாது' என்று மிராசுதாரின் கணக்குப்பிள்ளை சொல்லிவிடுவார், நிலம் போய்விடும். அதே வாரம்தான் தஞ்சாவூரில் கோடைப் பயிற்சி: பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பது எப்படி. போகாவிட்டால் வேலைக்கே ஆபத்து.

"நீ போயி என் பேருல கையெழுத்தப் போட்டுட்டு, வாயத் தொறக்காம உக்காந்துட்டு வா" என்றார் அத்தான்.

"வாயத் தொறக்க மாட்டான். வேற எதையாவது தொறப்பான்" என்றாள் அக்கா.

பயிற்சி கொடுத்தவர் சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா. "முன்னுரை, முடிவுரை எதுவும் வேண்டாம். காலையில எழுந்ததுலேருந்து இந்த பெஞ்சுல உக்கார்ற வரைக்கும் நடந்ததை, நடந்தபடியே எழுதுங்க" என்றார். மேடைப் பேச்சு கொடிகட்டிப் பறந்த காலம். வாத்தியார்களும் அப்படியே எழுதினார்கள். என் பக்கத்திலிருந்தவர், "கதிரவன் கண்விழித்தான், காரிருள் ஓடி ஒளிந்தான்" என்று தொடங்கிவிட்டு, "எப்புடி?" என்று என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வாய் திறக்கக் கூடாதே.

எனக்கு அடுக்குமொழியெல்லாம் வராது. நடந்ததை எழுது என்று அதுவரை என்னிடம் யாரும் சொன்னதும் இல்லை. வந்த உற்சாகத்தில் எழுதித் தள்ளினேன்.

அந்த அம்மா எல்லாவற்றையும் புரட்டிவிட்டு என் தாளை உருவினார். "ஆரம்பமே உயிரோட இருக்கு, கேளுங்க" என்று உரக்க வாசித்தார்:

"அக்கா எழுப்பினாள். அத்தான் வேட்டியைக் கட்டிக்கொண்டேன். அது இடுப்பில் நிற்கவில்லை. தாசில்தாருக்காக அத்தான் வரப்பில் நிற்கப் போனார். அத்தானுக்காக நான் பெஞ்சில் உட்கார வந்தேன்."

கடைசி வரியில் அவர் குரல் மெதுவானது. கூடம் சிரிப்பில் வெடித்தது.

"ஒளிஞ்சிருந்த காரிருள் நீதானாய்யா?" என்றார் பக்கத்து வாத்தியார்.

அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலையில நிஜ வாத்தியார் இங்க இருக்கணும். இல்லேன்னா மேல எழுதிடுவேன். நீங்க போகலாம்" என்றார். நான் எழுந்ததும், "கட்டுரை இருக்கட்டும். பாடம் நடத்த ஆகும்" என்றார்.

சாலியமங்கலத்தில் ஒரு வைக்கோல் வண்டி ஏற்றிக்கொண்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு சேர்ந்தேன். தாசில்தார் அன்று வரவில்லை, மறுநாள் காலை வருகிறாராம். அத்தான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க பெஞ்சுக்குப் போங்க. வரப்புல நான் நிக்கிறேன்" என்றாள் அக்கா.

இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் லீவு லெட்டர் எழுத என்னிடம் வந்தால், "அவன்கிட்டயா? நடந்ததை எழுதிடுவான்" என்று அக்கா தாளைப் பிடுங்கிவிடுவாள். நிலப் பதிவில் இருப்பது அவள் பெயர்.

அக்கா அப்படிச் சொன்ன மறுநாள் அத்தான் வெறுங்காலோடு முதல் பஸ் ஏறினார். வயலுக்கு வந்த தாசில்தாரிடம் கணக்குப்பிள்ளை முந்திக்கொண்டார்: "வாத்தியாரு சம்பளம் வாங்குறவருங்க. அவரு எங்க சாகுபடி பண்றாரு?"

"அவரு பண்ணலைங்க. நட்டது, களையெடுத்தது எல்லாம் நான். ஊரக் கேட்டுப் பாருங்க" என்றாள் அக்கா.

தாசில்தார் எழுதிக்கொண்டே என்னைப் பார்த்தார். "இது யாரு?"

"எரு அடிக்க இன்னைக்குத்தாங்க ஆளு வச்சேன். சந்தேகமா இருந்தா அவனையே கேளுங்க. பொய் எழுதக்கூடத் தெரியாது" என்று சொல்லி, நிறைந்த எருக்கூடையை என் தலையில் தூக்கி வைத்தாள்.